முன்னாள் மாணவர்களைக் கட்டி மேய்த்த ஒரு வருஷம்

முன்னாள் மாணவர் சங்கத்துக்குச் செயலாளராக இருப்பவர்கள் இதைப் படிக்க வேண்டியதில்லை, அவர்களுக்கு எல்லாம் தெரியும், போதாததற்கு இந்த நேரத்தில் அவர்கள் யாருக்காவது போன் போட்டு, "கண்டிப்பா வருவீங்கதானே?" என்று கெஞ்சிக்கொண்டிருப்பார்கள். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

மலையாள நாட்டு மலையில், சித்திரபுரத்திலிருந்து மேலே ஏறினால் தேயிலைக் காட்டுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் பள்ளிக்கூடம். எஸ்டேட் தொழிலாளிகளின் லயத்து வீட்டுப் பிள்ளைகளும், கரண்ட் ஆபீஸ் குவாட்டர்ஸ் பிள்ளைகளும் படித்த தமிழ் மீடியம். படித்து முடித்தவர்கள் திருப்பூர், கோயமுத்தூர், துபாய் என்று போய்விட்டார்கள். நான் போகவில்லை. அதே எஸ்டேட்டில், ஒற்றை அறைத் தபாலாபீஸில் போஸ்ட் மாஸ்டராக உட்கார்ந்திருக்கிறேன். பெயர் கனகவல்லி. ஊரிலேயே இருந்துவிட்டது எவ்வளவு பெரிய வினை என்பது போன வருஷம்தான் தெரிந்தது.

டீ சொல்லப் போன நேரம்

சங்கம் ஆரம்பிக்க முதல் கூட்டம் பள்ளிக்கூடத்து ஹாலில் நடந்தது. நல்ல மழை. தகரக் கூரையில் மழை அடிக்கிற சத்தத்தில் பேசுகிறவர் வாய் அசைவது மட்டும்தான் தெரிந்தது. எல்லாரும் குளிரில் நடுங்குகிறார்களே என்று, நான் எழுந்து எதிர்க்கடைக்குப் போய் டீ சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது எல்லாரும் கை தட்டினார்கள். டீக்குத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்து நானும் சிரித்தேன். பக்கத்தில் இருந்த பெண் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "வாழ்த்துகள், செயலாளரே" என்றாள். தலைவராக ஏற்கெனவே ஆகிவிட்டிருந்தவர் அந்தோணி அண்ணன். டூரிஸ்ட்டுகளுக்கு ஜீப் ஓட்டுகிறவர். எனக்கு ஐந்தாறு வருஷம் மூத்தவர். "அண்ணே, என்னை ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?" என்றேன். அவர் கொஞ்சமும் அசராமல் சொன்னார்:

"ஏகமனதா தேர்ந்தெடுத்திருக்கோம் கனகா. நீ உள்ள இருந்திருந்தா எதிரா ஒரு ஓட்டு விழுந்திருக்கும்."

தப்பான நம்பர்

வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தேன். காலையில் ரோஜாப் பூ, மத்தியானம் வைத்தியக் குறிப்பு, சாயங்காலம் சண்டை. உங்கள் குழுவும் இப்படித்தான் இருக்கும், விட்டுவிடுங்கள். அதில் சண்டை போடாத ஒரே ஆள் சுப்பிரமணி. யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் முதல் வாழ்த்து அவருடையதுதான். யாராவது பழைய போட்டோ போட்டால், "அருமைங்க" என்பார். யார் வீட்டிலாவது இழவு என்றால், எழுதுவதோடு நிற்காமல் போன் செய்து பேசுவார். இவ்வளவு நல்லவன் எந்த பேட்ச் என்று எல்லாருக்கும் சந்தேகம். குவாட்டர்ஸ் பையனாக இருப்பான் என்று லயத்துக்காரர்களும், லயத்துப் பையன் என்று குவாட்டர்ஸ்காரர்களும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் நானே போன் செய்தேன். அந்தப் பக்கம் லாரிச் சத்தம். "ஏனுங், நானு உங்க பள்ளிக்கூடத்துல படிக்கலீங். எனக்கு வாளையார் செக்போஸ்ட்டுக்குப் பக்கத்துல பஞ்சர் கடைங்" என்றார். எங்கள் சுப்பிரமணியின் நம்பரில் ஓர் எண்ணை நான் மாற்றி அடித்துவிட்டிருக்கிறேன்; இவர் பெயரும் சுப்பிரமணியாகவே போய்விட்டது. "அப்பவே சொல்லியிருக்கலாமே!" என்றேன். "ஆரும் கேக்கலீங்களே" என்றார். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்:

"நானு மூணாவதோட நின்னுட்டனுங். நீங்கெல்லாம் பேசிக்கறதப் பார்த்தா எனக்கும் படிச்சாப்பல இருக்குதுங்க அக்கா. வெளிய மட்டும் அனுப்பிப்போடாதீங்."

கல்பாத்தியில் ஒரு கேள்வி

மே மாதம் பழைய மாணவர்கள் எல்லாரும் கூடுகிற சங்கமத்துக்கு எங்கள் கணக்கு சாரை அழைக்க வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். விசுவநாதன் சார். வேலை முடிந்து சொந்த ஊரான கல்பாத்திக்குப் போய்விட்டவர். நானும் அந்தோணி அண்ணனும் ஜீப்பை எடுத்துக்கொண்டு மறையூர் இறங்கி, உடுமலை, பொள்ளாச்சி சுற்றிப் பாலக்காடு போனோம். வழியெல்லாம் அண்ணன், சாரிடம் வாங்கிய அடிகளைப் பற்றியே பெருமையாகப் பேசிக்கொண்டு வந்தார். பிரம்பு பட்ட இடத்தைச் சட்டைக் கையை மடக்கிக்கூடக் காட்டினார். அங்கே ஒன்றும் இல்லை.

சார் இளைத்துப்போயிருந்தார். மகள் காப்பி கொண்டுவந்து வைத்தாள். மலை ஏறக்கூடாதென்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அதனால் வர முடியாது என்றார். எங்கள் பெயர் எதுவும் அவருக்குத் தெரியவில்லை. காப்பி குடித்து முடிக்கிற நேரத்தில் அண்ணனைப் பார்த்து, "நான் உங்களையெல்லாம் நன்னா அடிப்பேன், இல்லையோ?" என்றார். "ஆமா சார், நான் நெறைய வாங்கிருக்கேன்" என்றார் அண்ணன், மெடல் வாங்கினவர் மாதிரி. "எதுக்கு அடிச்சேன்?" என்றார் சார்.

அண்ணன் யோசித்தார். நானும் யோசித்தேன். வழியெல்லாம் அடியைப் பற்றிப் பேசியவர்களுக்குக் காரணம் ஒன்றுகூட வாயில் வரவில்லை. "ஞாபகம் இல்ல சார்" என்றார் அண்ணன். சார் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அண்ணன் எழுந்து போய் அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். சார் விடுவித்துக்கொள்ளவில்லை.

"நேக்கும் ஓர்மையில்லை, நோக்கும் ஓர்மையில்லை. பின்னே எதுக்குடா அந்த அடி?" என்றார்.

மூன்று பேட்ச் தங்கராஜ்

சங்கமத்தன்று ஒவ்வொரு பேட்ச்சாகக் கூப்பிட்டுப் படம் எடுத்தோம். எங்கள் ஃபாக்டரியில் பாய்லர் பார்க்கிற தங்கராஜ் முதல் படத்தில் நின்றான். அடுத்த பேட்ச்சைக் கூப்பிட்டேன், அதிலும் நின்றான். மூன்றாவதிலும் நடு வரிசையில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தான். போட்டோகிராபர் என்னைப் பார்த்தார். "பத்தாங்கிளாஸ் மூணு தடவ எழுதுனேன். மூணு பேட்ச்சும் என் பேட்ச்தான்" என்றான் தங்கராஜ். மறுத்துச் சொல்ல முடியுமா?

அன்றைக்குத் திருப்பூரிலிருந்து வந்த வேன், பள்ளிக்கூடத்துக் கடைசி ஏற்றத்தில் பஞ்சராகி நின்றது. ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. எல்லாரும் இடுப்பில் கை வைத்துச் சுற்றி நின்றபோது, புதுச் சட்டை போட்ட ஓர் ஆள் சட்டையைக் கழற்றி மரக்கிளையில் மாட்டிவிட்டு வேலையில் இறங்கினார். "கொஞ்சம் தள்ளிக்குங்" என்ற குரலில்தான் தெரிந்தது, வாளையார் சுப்பிரமணி! யாரும் கூப்பிடாமல் பஸ் மாறி மாறி வந்திருக்கிறார். வேலை முடிந்ததும் கை கழுவி, சட்டையைப் போட்டுக்கொண்டு, படம் எடுக்கிற இடத்திலிருந்து தள்ளிப்போய் நின்றார். தங்கராஜ் போய் அவரைத் தரதரவென்று இழுத்துவந்து தன் பக்கத்தில் நிறுத்தினான். "இவர் எந்த பேட்ச்?" என்று கேட்ட எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் லதா டீச்சருக்குத் தங்கராஜ் சொன்ன பதில்:

"எங்கிட்ட மூணு இருக்குல்ல டீச்சர், அதுல ஒண்ண இவருக்குக் குடுத்துட்டேன்."

ராணி வேஷம்

ரோஸ்மேரி அக்கா இங்கேயே கொழுந்து எடுக்கிறவர். பாக்கியம் அக்கா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறவர். ஏழாவது படிக்கும்போது ஆண்டு விழா நாடகத்தில் ராணி வேஷம் யாருக்கு என்பதில் இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது, நின்றது நின்றதுதான். சங்கமத்துக்கு அழைத்தபோது இரண்டு பேரும் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "அவ வாராளா?" வருகிறாள் என்றால் இவர் வரமாட்டார், வரவில்லை என்றால் பொய். "விசாரிச்சுச் சொல்றேன்" என்று சமாளித்தேன். செயலாளர்கள் இந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டு பேரும் வந்தார்கள். ஹாலின் இரண்டு மூலையில் உட்கார்ந்தார்கள். சாப்பாட்டு வரிசையில் எப்படியோ பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டார்கள். "கிரீடம் உன் தலைக்கு நிக்கல, அதான் எனக்குக் குடுத்தாங்க" என்று ரோஸ்மேரி அக்கா சோற்றுத் தட்டைப் பார்த்தபடியே ஆரம்பித்தார். "உன் தலை பெருசு, அதான் நின்னுச்சு" என்றார் பாக்கியம் அக்கா. அங்கே பிடித்த சண்டை பாயசம் வரை நடந்தது. அப்புறம் வராந்தாவில் கால் நீட்டி உட்கார்ந்து நடந்தது. விலக்கப் போன என்னை இரண்டு பேரும் சேர்ந்து துரத்தினார்கள். சாயங்காலம் திருப்பூர் வேன் ஹாரன் அடித்தபோது பாக்கியம் அக்காவைக் காணோம். ரோஸ்மேரி அக்கா வீட்டில் ராத்திரி தங்கிவிட்டு மறுநாள் பஸ்ஸில் போகிறாராம். சமாதானம் ஆகிவிட்டதா என்று ரோஸ்மேரி அக்காவிடம் கேட்டேன். கோபம் வந்துவிட்டது அவருக்கு.

"சமாதானமா? இன்னும் பாதிச் சண்டை பாக்கி இருக்கு, அதுக்குத்தான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

சுமதி கேட்டது

அதே சங்கமத்தின் கடைசியில் லதா டீச்சர் மைக்கைப் பிடித்தார். மலையாளத்துக்காரர், தமிழ் பேசும்போது ஒவ்வொரு சொல்லையும் தொட்டுப் பார்த்துப் பேசுவார். வருகிற ஜூனில் ஒண்ணாங்கிளாஸில் சேர அநேகமாக யாரும் இல்லை என்றார். பள்ளி திறந்த ஆறாம் நாள் கல்வித்துறை ஆபீசர் வந்து தலை எண்ணுவார். பிள்ளைகள் போதவில்லை என்றால் அந்தக் கிளாஸ் போய்விடும், ஒவ்வொரு வருஷமாக மேலே உள்ள கிளாஸ்களும் போகும் என்றார். எல்லாரும் டீச்சர் பக்கம் திரும்பினார்கள். பாட்டுப் பாடவும் படம் எடுக்கவும் வந்த கூட்டம் அது.

மறுநாளிலிருந்து பிள்ளை கேட்டு நாங்கள் லயம் லயமாக ஏறினோம். மேல் டிவிஷனில் சுமதி வீட்டில் நின்றோம். அவளும் எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவள்தான். மகன் ரித்திக்கைக் கீழே இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தோணி அண்ணன் தாய்மொழியைப் பற்றி நன்றாகவே பேசினார். எனக்கே கண் கலங்கியது. சுமதி அரிசி களைந்த தண்ணீரை வாசலில் ஊற்றிவிட்டு நிதானமாகக் கேட்டாள்:

"எல்லாஞ் சரி மாமா. சங்கத்துல இருக்குற உங்கள்ல யாரு வீட்டுப் பிள்ளை அங்க படிக்குது? அதை முதல்ல சொல்லுங்க."

ஒன்பது மணி டிரிப்

அந்தக் கேள்வி அண்ணனைத்தான் நேராகக் குத்தியது. அவர் பேத்தி நிவேதாவும் அந்த இங்கிலீஷ் மீடியத்தில்தான் எல்.கே.ஜி., யு.கே.ஜி. முடித்திருந்தாள். மறுநாள் தனியாகச் சுமதி வீட்டுக்குத் திரும்பப் போயிருக்கிறார். அவள் அப்போதுதான் விஷயத்தை உடைத்திருக்கிறாள்: இங்கிலீஷுக்காக இல்லை, அந்தப் பள்ளிக்கூடத்து வேன் லயத்து வாசல்வரை வருகிறது, அதற்காகத்தான். காலையில் யானை நிற்கிற வழியில் பிள்ளையை எப்படி நடத்திக் கூட்டிப்போவது என்று கேட்டிருக்கிறாள். தாய்மொழியைப் பற்றி அவ்வளவு பேசிய நாங்கள் யானையைப் பற்றி யோசிக்கவேயில்லை.

ஜூனில் அண்ணனின் ஜீப் மேல் டிவிஷனிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்தது. காலை ஒன்பது மணி டிரிப்தான் ஜீப்காரர்களுக்குச் சோறு. ரிசார்ட்டிலிருந்து ஆட்கள் கிளம்புகிற நேரம். அதை விட்டுவிட்டார். முதல் சீட்டில் நிவேதா. மருமகளிடம் என்ன சொல்லிச் சம்மதிக்க வைத்தார் என்று தெரியாது. கொஞ்ச நாள் அந்த வீட்டில் அவருக்குப் பால் ஊற்றாத கட்டங்காப்பிதான் கிடைத்தது. ஜார்க்கண்டிலிருந்து கொழுந்து எடுக்க வந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி, பூஜா என்று பெயர், முதல் மூன்று நாளும் வளைவில் நின்று ஜீப்பைப் பார்த்தாள். நாலாம் நாள் அவளையும் அவள் அப்பாவையும் சேர்த்தே ஏற்றிக்கொண்டு வந்து, லதா டீச்சர் முன்னால் நிறுத்திச் சேர்த்துவிட்டார். "டூரிஸ்ட் டிரிப் போச்சேன்னு கஷ்டமா இல்லையா அண்ணே?" என்று கேட்டேன்.

"அவுக வளைவுக்கு வளைவு நிறுத்திப் போட்டோ எடுக்கணும்பாக. இதுக வளைவுக்கு வளைவு நிறுத்தி ஒண்ணுக்குப் போகணும்ங்குது. மத்தபடி எல்லாம் ஒண்ணுதான்" என்றார்.

ஆறாம் நாள்

ஆறாம் நாள் விடியும்போதே மழை. எனக்குத் தபால் பை வரவில்லை. வழியில் எங்கோ மண் சரிந்திருக்கிறது என்றார்கள். எங்கே என்று கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. லதா டீச்சர் போன் செய்தார். ஆபீசர் கீழே அடிமாலிப் பக்கமாக வந்து சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கு மேலே உள்ள வளைவில் மண் வழிந்து ரோட்டை மூடியிருந்தது. மறுபுறம் ஜீப், அதற்குள் ஒண்ணாங்கிளாஸ்.

நான் ஓடிப் போனபோது அண்ணன் ஜீப்பை விட்டு இறங்கிச் சரிவை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மேலே மண் இன்னும் கசிந்துகொண்டிருந்தது. பிள்ளைகளைத் திருப்பிக் கூட்டிப்போவதுதான் புத்தி என்றுதான் எனக்கும் பட்டது. அதற்குள் கொழுந்துக் காட்டிலிருந்து சுமதியும் ரோஸ்மேரி அக்காவும் இறங்கி வந்துவிட்டார்கள். அவர்கள் பின்னால் இன்னும் நாலைந்து பேர். வேலையை விட்டு வருகிறவர்களைத் தடுக்க வேண்டிய கங்காணி குடையை முகத்துக்கு நேராகத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டார். அவரும் எங்கள் பள்ளிக்கூடம்தான். ஃபாக்டரியிலிருந்து தங்கராஜ் இரும்புக் கம்பியோடு வந்து மண்ணைக் குத்திப் பார்த்தான். சரிவிலிருந்து விலகி, ரோட்டின் வெளி ஓரத்தில் கால் நிற்கிற இடமாகப் பார்த்துக் கொடுத்தான். நாங்கள் முழங்கால் சேற்றில் வரிசையாக நின்றோம். ரித்திக், நிவேதா, பூஜா என்று ஒவ்வொருவராகக் கை மாறி வந்தார்கள். என் கைக்கு ஒரு பிள்ளை வந்தால் மேலே பார்ப்பேன். அடுத்த கைக்குக் கொடுத்தபிறகுதான் மூச்சு விடுவேன். ரித்திக்குக்கு ஒரு செருப்பு போனது. கடைசியாக அண்ணன் எல்லாப் பைகளையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தார்.

ஆபீசர் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். தலையிலிருந்து கால்வரை சேறாக நாங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்ததைப் பார்த்து, "இவங்கெல்லாம் ரட்சகர்த்தாக்களா?" என்று கேட்டார், பெற்றோர்களா என்று அர்த்தம். "அல்ல சார். பூர்வ வித்யார்த்திகள், முன்னாள் மாணவர்கள்" என்றார் லதா டீச்சர். ஆபீசர் எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். அப்புறம் கிளாஸுக்குள் போய்ப் பிள்ளைகளை எண்ணினார். வெளியே வந்து டீச்சரிடம், வராந்தாவில் நின்ற எங்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"கிளாஸ் போகாது டீச்சரே. ஆனா இவங்களையும் சேர்த்து எண்ணணும்னு மட்டும் சொல்லாதீங்க."

பூஜாவின் சந்தேகம்

ஓண லீவுக்கு முன்னால், கிளாஸ் தப்பித்த சந்தோஷத்துக்குச் சங்கத்தில் பிரியாணி போட்டோம். அதற்குள் பூஜா தமிழைப் பிடித்துக்கொண்டுவிட்டாள்; அதுவும் ஜீப்பில் படித்த தமிழ். அப்பாவைத் தமிழில்தான் திட்டுகிறாளாம். அவருக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனால் கூட்டி வந்து எங்கள் முன்னால் நிறுத்தித் திட்டச் சொல்லிக் கேட்டு ரசித்தார்.

பிள்ளைகளுக்கு வழக்கமான சத்துணவு, எங்களுக்குப் பிரியாணி. யார் போட்ட திட்டமோ தெரியாது, பெரிய தப்பு. பூஜா என் பக்கத்தில் வந்து நின்று, என் இலையைப் பார்த்து, "அத்தை, முன்னாள் மாணவின்னா யாரு?" என்றாள். இந்தப் பள்ளிக்கூடத்தில் படித்து முடித்து வெளியே போனவர்கள் என்று விளக்கினேன். என் இலையிலிருந்த கோழித் துண்டை அவள் கையில் கொடுத்தேன். அதைத் தின்றபடியே கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள்:

"அப்ப நான் இப்பவே வெளிய போயிட்டு, பிரியாணி தின்னுட்டு, மறுபடி உள்ள வந்துருதேன்."

பள்ளிக்கூடத்தை விட்டுப் போவதற்கு ஒரு டி.சி. கொடுத்து அனுப்புகிறார்கள், முன்னாள் மாணவர் சங்கத்தை விட்டுப் போவதற்கு அப்படி ஒன்றை இதுவரை யாரும் அச்சடித்ததாகத் தெரியவில்லை.